எபனேசர் பூட்டி வைத்த கடிதங்கள்

திருநெல்வேலி பேட்டை தொழிற்பேட்டையில் ஒரு பக்கம் லேத்துப் பட்டறை, மறு பக்கம் மோட்டார் காயில் கட்டுகிற கடை, நடுவில் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஓர் அறை. அந்த அறைக்கு மூன்று பூட்டு. ஷட்டரில் இரண்டு, உள்கதவில் ஒன்று. உள்ளே இருந்ததோ இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு டேபிள் ஃபேன். எபனேசர் பூட்டுவார், இழுத்துப் பார்ப்பார், பத்தடி நடந்த பிறகு திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பார். பட்டறைக்காரர்கள் லேத்தை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள்.

"அண்ணாச்சி, இன்னொரு தடவ இழுத்துப் பாத்திருங்க. எங்களுக்கும் தூக்கம் வரணும்லா" என்று ஒருவர் சொல்வார்.

எபனேசர் சிரிக்கமாட்டார். கேலி செய்கிறவன் எதையோ மறைப்பதற்காகத்தான் கேலி செய்கிறான் என்பது அவருடைய கணக்கு.

நான் சொல்வது தொண்ணூற்றொன்பதாம் வருஷம். எபனேசருக்கு அப்போது முப்பத்தேழு வயது. பாளையங்கோட்டையில் கணக்குப் படித்து, சென்னையில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்து, அங்கேயே நாலு வருஷம் வேலையும் பார்த்துவிட்டு, மேலதிகாரி இவருடைய புரோகிராமைத் திருடித் தன் பெயரில் காட்டுகிறான் என்ற சந்தேகத்தில் ஊர் திரும்பியவர். அது சந்தேகம்தானா நிஜமா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. இங்கே பள்ளிக்கூடங்களுக்கு டைம்டேபிள் போடுகிற புரோகிராம், சேரன்மகாதேவி ரைஸ்மில்லுக்கு ஆட்கள் வருகைப் பதிவு, ஒரு நர்சிங் ஹோமுக்கு நோயாளிகள் பட்டியல் என்று எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கெட்டிக்காரர், அதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் இல்லை.

சந்தேகம்தான் அவருக்குச் சோறு போட்டது. புரோகிராம் எழுதுகிறவன் எதையும் நம்பக் கூடாது என்பார். பிறந்த தேதி கேட்டால் ஒருவன் பெயரை அடிப்பான், வயது கேட்டால் ஒருத்தி இருநூறு என்று அடிப்பாள், கரண்ட் பாதியில் போகும். இதையெல்லாம் எதிர்பார்த்துத்தான் எழுத வேண்டும். சரி, எழுதட்டும். ஆனால் மனுஷர் டீக்கடையிலும் அப்படியே இருந்தால் என்ன செய்வது? டீ ஆற்றுகிறவன் கண்முன்னே பால் ஊற்ற வேண்டும். கல்யாண வீட்டில் செருப்பை ஒன்று கிழக்கு வாசலிலும் மற்றொன்று மேற்கு வாசலிலும் கழற்றிப் போடுவார். தானே ஃபார்மட் செய்த பிளாப்பியைக்கூட வைரஸ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்.

இப்பேர்ப்பட்ட மனிதர் தன் கம்ப்யூட்டரை இன்டர்நெட்டில் இணைப்பாரா? "என் பெட்டியிலேருந்து ஒரு ஒயர் வெளிய போகுதுன்னா, அதே ஒயர் வழியா எவனும் உள்ள வரலாம்லா" என்று சொல்லிவிட்டார். அதனால் சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் பாளையங்கோட்டை தெற்கு பஜாரில் முகம்மது இப்ராஹிம் நடத்திய பிரவுசிங் சென்டருக்குப் போய்விடுவார். துணிக்கடை மாடியில் ஆறு பிளைவுட் தடுப்பு, ஆறு மெஷின். மாடிப்படி ஆரம்பத்தில் ஒரு தகர போர்டு, அதில் கட்டண விவரம், கீழே "சனி காலை 10 முதல் 12 வரை பெண்களுக்கு மட்டும்" என்று ஒரு வரி. அதற்கும் கீழே காலணிகளை இங்கே விடவும். எபனேசர் அந்த போர்டில் படித்தது கடைசி வரியை மட்டும்தான். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டே மேலே போவார்.

இப்ராஹிம் நல்ல மனுஷன். எபனேசருக்கென்று மூலை மெஷினை ஒதுக்கி, யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது என்று ஒரு திரைத்துணியும் தொங்கவிட்டிருந்தான். அங்கே உட்கார்ந்துதான் எபனேசர் பாக்கியசீலனுக்குக் கடிதம் எழுதுவார்.

பாக்கியசீலன் கல்லூரித் தோழன், அமெரிக்காவில் இருக்கிறான். வாரத்துக்கு ஒரு கடிதம், ஒவ்வொன்றும் மூன்று பக்கம், நாலு பக்கம். தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பார். தமிழ் எழுத்துரு ஒரு மெஷினில் தெரிந்தால் மறு மெஷினில் பூச்சி பூச்சியாகத் தெரிகிற காலம் அது. ஊரில் ஒருவரிடமும் பத்து வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத மனிதர், அங்கே மடை திறந்த மாதிரி எழுதுவார்.

"வருகிற ஜனவரியில் பிறக்கிற பிள்ளைக்கு, பிறந்த வருஷம் 00 என்றால் 1900 என்று எடுத்துக்கொண்டு, நம்ம நர்சிங் ஹோம் புரோகிராம் நூறு வயசு என்று போடும். தொட்டிலில் கிடக்கிறதுக்கு மூட்டுவலி மாத்திரை எழுதிக் கொடுப்பார்கள். வருஷத்துக்கு இரண்டு இலக்கம் போதும் என்று அன்றைக்கு மிச்சம் பிடித்தவனைத் தேடிக்கொண்டிருக்கிறேன், அது நானேதான்" என்று ஒரு வாரம். "உலகம் பூராவும் ஒரே வலை என்கிறார்கள். வலை போடுகிறவன் மீனுக்கு நல்லது நினைத்துப் போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. மெயில் பெட்டி இனாம் என்கிறான். முன்பின் தெரியாதவன் எனக்கு எதற்கு இனாமாகத் தர வேண்டும்? என் கடிதத்தை வைத்து அவன் என்ன செய்வான்?" என்று மறு வாரம். இன்னொரு வாரம், பாபநாசம் அணை திறந்து ஆற்றில் புதுத் தண்ணீர் வந்ததையும், வண்ணார்பேட்டைப் பாலத்தில் சைக்கிளை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றதையும் எழுதியிருந்தார். ஏன் நின்றேன் என்று தெரியவில்லை, சில நாள் எங்காவது போய்விட வேண்டும் போல இருக்கிறது என்றும் எழுதியிருந்தார்.

பாக்கியசீலன் இரண்டு வரியில் பதில் போடுவான். சில வாரம் அதுவும் இராது.

வீட்டில் எபனேசர் இதில் ஒரு வரி பேசமாட்டார். மனைவி ரீபா பெண்கள் பள்ளியில் அறிவியல் டீச்சர். மகள் சாலோமி நாலாம் வகுப்பு. ராத்திரி சாப்பாட்டு மேசையில் மூன்று பேரும் உட்காருவார்கள். மேலே சுவரில், புதுவருஷ ஆராதனையில் தட்டிலிருந்து எடுத்து வந்த வாக்குத்தத்த அட்டை ஒட்டியிருக்கும். அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் ஒன்று உண்டு. அந்த வருஷம் முழுவதற்கும் அந்த வீட்டுக்கு என்று கிடைத்த பைபிள் வசனம், பூப்படத்தின் மேல் நாலு வர்ணத்தில், வசன எண்ணோடு.

"இன்னைக்கு ஆபீஸ்ல என்ன?" என்று ரீபா கேட்பாள்.

"என்ன இருக்கு, வழக்கம்போலதான்."

"ஏதோ ரெண்டாயிரமாவது வருசம் வந்தா கம்ப்யூட்டர் எல்லாம் நின்னுரும்னு ஸ்டாஃப் ரூம்ல பேசிக்கிடுதாங்களே?"

"அதெல்லாம் உனக்குப் புரியாது. ரசத்த ஊத்து."

ரசத்தை ஊற்றுவாள். அறிவியல் டீச்சருக்கு அது புரியாதாம்!

அந்த வருஷம் ஆகஸ்டில் பாக்கியசீலன் முதல் தடவையாகப் பத்து வரி எழுதினான். அவனுடைய கம்பெனியில் பழைய புரோகிராம்களில் வருஷத்தைத் திருத்துகிற வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். ஓர் இடம் அவன் கையில் இருக்கிறது. எபனேசர் தன் விவரங்களை அனுப்பினால் போதும், டிசம்பருக்குள் அழைப்பு வரும், ஒன்றரை வருஷ வேலை.

எபனேசர் அதை மூன்று தடவை படித்தார். பேட்டையில் லேத்து ஓடுகிற சத்தத்துக்கு நடுவே பன்னிரண்டு வருஷம் காத்திருந்தது இதற்குத்தான் என்று தோன்றியது. இது போனால் இன்னொன்று வராது. இரண்டாயிரம் பிறந்துவிட்டால் அப்புறம் எவனுக்கு வேண்டும் வருஷம் திருத்துகிறவன்? விவரங்களை அனுப்பினார். யாரிடமும் மூச்சு விடவில்லை, ரீபாவிடமும்தான். பாஸ்போர்ட்டில் முத்திரை விழுகிற வரைக்கும் சொல்லக் கூடாது, சொன்னால் இவள் தங்கச்சியிடம் சொல்வாள், தங்கச்சி சபை முழுக்கச் சொல்வாள். சர்டிபிகேட் ஃபைலை பீரோவில் தனி அறையில் வைத்துப் பூட்டினார். சாவியை எங்கே ஒளித்தார் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

செப்டம்பர் இரண்டாம் சனிக்கிழமைதான் அந்த விபரீதம். மெயில் பெட்டியைத் திறந்தார். பாக்கியசீலனிடமிருந்து ஒன்று வந்திருந்தது. புதிதாக வந்த கடிதம் தடித்த எழுத்தில் தெரிய வேண்டும், ஒரு தடவை திறந்துவிட்டால்தான் மெலிந்த எழுத்தாகும். இது மெலிந்திருந்தது. அதாவது யாரோ ஏற்கெனவே திறந்து படித்திருக்கிறார்கள்.

எபனேசர் திரைத்துணியை இன்னும் இழுத்து மூடினார். நாமே திறந்து மறந்துவிட்டோமோ என்று யோசித்தார். போன வாரத்துக்குப் பிறகு அவர் இங்கே வரவே இல்லை. மெஷின் கோளாறாக இருக்குமோ? இருக்கலாம். அடுத்த சனிக்கிழமை வந்தார், ஒன்றும் இல்லை. அதற்கடுத்த சனிக்கிழமை பாக்கியசீலனின் இன்னொரு கடிதம், "உன் பேர் பட்டியலில் ஏறிவிட்டது" என்று. அதுவும் மெலிந்த எழுத்து.

இனி சந்தேகமே இல்லை, யாரோ உள்ளே வந்து போகிறார்கள். ஆனால் எப்படி? பாஸ்வேர்டை அவர் எங்கும் எழுதி வைப்பதில்லை. எழுதினால் காகிதம் திருடு போகும். ஒவ்வொரு ஜனவரியிலும் தவறாமல் மாற்றிவிடுவார். இந்த உலகத்தில் அது தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அப்படியானால் அடிக்கும்போதே பிடித்திருக்க வேண்டும். அடிக்கிற எழுத்தையெல்லாம் மெஷினிலேயே பதிந்து வைக்கிற புரோகிராம் இருக்கிறது என்று அவரே பாக்கியசீலனுக்கு எழுதியிருக்கிறார். அதை யார் மெஷினில் போட முடியும்? கடைக்காரன்தான். அவன் எதற்காக நமக்கென்று மூலை மெஷினை ஒதுக்கினான், திரைத்துணி வேறு மாட்டினான்? ஆகா!

காரணமும் கையோடு கிடைத்துவிட்டது. இப்ராஹிமுடைய மச்சினன் முகம்மது மைதீன் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வெளிநாட்டு வேலைக்கு அலைந்துகொண்டிருந்தான். அந்த ஓர் இடத்துக்குத்தான் குறி என்று எபனேசர் முடிவுகட்டிவிட்டார்.

அன்றைக்குக் கிளம்பும்போது கல்லாவுக்கு எதிரே நின்றார். நாலைந்து பேர் காத்திருந்தார்கள்.

"இப்ராஹிம், இங்கன உக்காந்து அடிக்கதெல்லாம் உம்ம மெஷின்ல பதியுமோ?"

"பதியாது அண்ணாச்சி. ஏன் கேக்கிய?"

"இல்ல, அடுத்தவன் லெட்டரப் படிக்கது சில பேருக்கு ருசியா இருக்கும்லா. சொந்தக்காரங்களுக்கும் பிரயோஜனமா இருக்கும்."

இப்ராஹிமுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் சிவந்துவிட்டது.

"என்ன பேச்சு பேசுதீரு வே? உம்ம லெட்டரப் படிச்சு நான் என்ன கோட்டையப் பிடிக்கப் போறேன்? மூணு வருசமா வாரீரு, ஒரு நாள் அந்தத் திரைக்குப் பக்கத்துல வந்திருப்பனா?"

"வந்தேன்னு எவன் சொல்லுவான்?"

"நம்பிக்கை இல்லேன்னா இனிமே இங்க வராதேயும். கெளம்பும்."

காத்திருந்தவர்கள் எல்லோரும் எபனேசரைப் பார்த்தார்கள். அவர் செருப்பை எடுத்துக்கொண்டு இறங்கினார். கோபப்படுகிறான் என்றால் குற்றவாளிதான் என்று படிக்குப் படி சொல்லிக்கொண்டே இறங்கினார். அப்பாவிக்கும் கோபம் வரும் என்று அவருக்கு யார் சொல்வது?

பாஸ்வேர்டை மாற்றியிருக்கலாம், அதுதான் புத்தி. ஆனால் மாற்றினால் கள்ளன் உஷாராகிவிடுவான், நமக்கு ஆளே தெரியாமல் போய்விடும். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று எபனேசர் தீர்மானித்தார். புரோகிராமில் தப்பு எங்கே என்று தெரியாவிட்டால் வேண்டுமென்றே ஒரு பொய்த் தகவலைக் கொடுத்து, அது எங்கே போய் முட்டுகிறது என்று பார்ப்பார். அதே வித்தையை இங்கேயும் செய்தார். ரயில் சந்திப்புப் பக்கம் வேறொரு பிரவுசிங் சென்டருக்குப் போய் உட்கார்ந்தார். பாக்கியசீலனுக்கு எழுதுவது போல ஒரு கடிதம் அடித்தார்.

"பாக்கியசீலா, வேலை முடிந்த மாதிரிதான். அக்டோபர் பதினாலு, வியாழக்கிழமை சாயங்காலம் கம்பெனியின் சென்னை ஏஜென்ட் இங்கே வருகிறார். திருநெல்வேலி ரயிலடியில் முதல் பிளாட்பாரம் புத்தகக் கடைப் பக்கம் ஐந்தரை மணிக்கு நிற்பார். அவரிடம் இருப்பது ஒரே ஒரு விண்ணப்பம். முதலில் வந்து கேட்கிறவனுக்குக் கொடுத்துவிடுவாராம். வாங்கிக்கொண்டு அப்படியே சென்னை ரயில் ஏறுகிறேன். அங்கே எல்லாம் சரியாக இருந்தால் ஊருக்குத் திரும்பாமல் நேரே விமானம்தான். வீட்டில் சொல்லப் போவதில்லை."

அனுப்பவில்லை. பாதியில் விட்டதுபோல வரைவுகளில் போட்டு வைத்தார். பெட்டிக்குள் வருகிறவன் கண்ணில் கட்டாயம் படும். அன்று அக்டோபர் இரண்டு. இடையில் பன்னிரண்டு நாள். மீன் நின்று நிதானித்து வந்து கடிக்கட்டும் என்று நினைத்துக்கொண்டார்.

பத்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. கோயிலில் ஆராதனை முடிந்து வந்ததும் ரீபா பீரோ மேலிருந்து ஒரு ஸ்வெட்டரை எடுத்து வெயிலில் போட்டாள்.

"இது எதுக்கு இப்போ?"

"மழை தொடங்கப் போகுதுல்லா. பூஞ்சாணம் பிடிச்சிரும்."

செவ்வாய்க்கிழமை ராத்திரி சோறு போட்டுக்கொண்டே கேட்டாள். "வியாழக்கிழம எங்கயும் போறியளா?"

"சேரன்மகாதேவி ரைஸ்மில்லு. வர நேரமாகும்."

"வேற எங்கயும்…?"

"வேற எங்க போறாங்க? ஏன் நோண்டி நோண்டிக் கேக்க?"

ரீபா கரண்டியைக் கீழே வைத்தாள். மேலே இருந்த வசன அட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். எழுந்து போய் அடுக்களையில் வெகுநேரம் பாத்திரம் துலக்கினாள். டீ ஆற்றுகிறவனின் கையைக் கண்கொட்டாமல் பார்க்கிற மனுஷருக்குத் தன் பெண்டாட்டியின் முகம் வாடியிருந்தது கண்ணில் படவில்லை. அவளைச் சந்தேகப்பட வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. சந்தேகப்படுவதற்கும் ஒரு மதிப்பு வேண்டியிருக்கிறது பாருங்கள்.

வியாழக்கிழமை ஐந்து மணிக்கே எபனேசர் ரயிலடிக்குப் போய்விட்டார். பிளாட்பாரம் டிக்கெட் எடுத்து, மேம்பாலப் படியில் தூண் மறைவில் நின்றுகொண்டார். அங்கிருந்து பார்த்தால் புத்தகக் கடை நன்றாகத் தெரியும். சென்னை ரயில் ஏற்கெனவே வந்து நின்றுகொண்டிருந்தது. வழியனுப்ப வந்தவர்கள், அல்வா டப்பாக்கள், அட்டைப் பெட்டிகள், கூட்டமான கூட்டம்.

ஐந்து இருபதுக்கு வந்தான் முகம்மது மைதீன்.

எபனேசர் தூணை ஒட்டிக்கொண்டார். வந்துட்டான்! மைதீன் நேராகப் புத்தகக் கடைக்குப் போனான், சுற்றுமுற்றும் பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான். எபனேசர் இரண்டு படி இறங்கினார். இப்ராஹிமுடைய கடையில் அதே நாலு பேர் முன்னால் வைத்து என்ன பேச வேண்டும் என்பதுகூட மனசில் வரிசையாக வந்துவிட்டது. அதற்குள் மைதீன் ஒரு வாரப் பத்திரிகையை வாங்கிச் சுருட்டிக்கொண்டு, அவரைக் கவனிக்காமலே அதே படியேறி இரண்டாம் பிளாட்பாரத்துக்கு ஓடி, புறப்படப் போகிற செங்கோட்டை வண்டியில் தொற்றி ஏறினான். வண்டி நகர்ந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து பத்திரிகையைப் பிரித்தான். அவ்வளவுதான்.

எபனேசர் அப்படியே நின்றார். பிறகு திரும்பிப் புத்தகக் கடையைப் பார்த்தார்.

அங்கே ரீபா நின்றுகொண்டிருந்தாள்.

பள்ளிக்கூடத்துச் சேலைதான், அவசரமாக வந்ததில் முந்தானை ஒழுங்காக இல்லை. ஒரு கையில் தூக்குச்சட்டி, மறு கையில் ரெக்சின் பை, கக்கத்தில் ஒரு ஃபைல். எக்கி எக்கிக் கூட்டத்தில் தேடினாள். ரயிலின் ஒவ்வொரு ஜன்னலையும் பார்த்துக்கொண்டே பத்துப் பெட்டி தூரம் நடந்தாள், திரும்பி வந்தாள். இதற்குள் அழுதுவிட்டாள் போலிருந்தது, புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

எபனேசர் எப்படி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது. எதிரே போய் நின்றார்.

"ரீபா, நீ எப்படி இங்கன?"

அவள் அவரைக் கண்டதும் முதலில் ஃபைலைத்தான் நீட்டினாள். "சர்டிபிகேட்ட வச்சிட்டுப் போயிட்டியளே. அங்க போயி என்னத்தக் காட்டுவிய? ஏஜென்ட் வந்துட்டாரா? ரயிலு கிளம்பிருமே!"

எபனேசர் ஃபைலை வாங்கினார். அது பீரோவுக்குள் பூட்டி வைத்த ஃபைல்.

"இதுக்குச் சாவி உனக்கு எங்கன கெடச்சுது?"

"அரிசி டிரம்முக்குள்ள ஒளிச்சு வச்சா கெடைக்காதா? தினம் ரெண்டு வேள அத நான்தான தொறக்கேன்."

எபனேசர் ஃபைலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடுத்ததை அவர் கேட்பதற்குள் அவளே சொல்லிவிட்டாள்.

"நான்தான் படிக்கேன். இப்ராஹிம் அண்ணன் இல்ல. நீங்க அவுக கடையில சண்ட போட்டது ஸ்டாஃப் ரூம் வரைக்கும் வந்துட்டு. சனிக்கிழமை காலையில லேடீஸ் நேரத்துல போவேன். ரெண்டு வருசமாப் போறேன்."

"பாஸ்வேர்டு?"

"சாப்பாட்டு மேசைக்கு மேலதான தொங்குது."

எபனேசர் கண்ணை மூடிக்கொண்டார். அந்த வருஷத்து வசனம், அதிகார எண், வசன எண். யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்று அவர் ஒவ்வொரு ஜனவரியிலும் மாற்றிய ரகசியம், வீட்டுச் சுவரில் நாலு வர்ணத்தில் ஒட்டியிருந்தது.

"பள்ளிக்கூடத்துல டீச்சருங்களுக்குப் பத்து நாள் கம்ப்யூட்டர் சொல்லிக் குடுத்தாங்க. உங்கள்ட்ட வந்து சொன்னேன். மவுசுன்னா எலி, பயந்துராதேன்னு சிரிச்சிய. சரி, நீங்க என்னதான் அங்க பண்ணுதியன்னு பாக்கப் போனேன். முத தடவையே தெறந்துட்டு. நீங்க எழுதுனத மட்டுந்தான் படிப்பேன், பாக்கியசீலன் அண்ணன் பதிலத் தொறந்தது இந்த வேலப் பேச்சு வந்த பெறகுதான். தப்புதான், தெரியும். நிறுத்தணும்னுதான் ஒவ்வொரு வாரமும் நெனைப்பேன். அந்தப் பாலத்துல நின்னு தண்ணி பாத்தத எழுதுனிய பாருங்க, அதுக்கு அப்பறம் நிறுத்த முடியல. இந்த மனுசனுக்கு இப்படியெல்லாம் பேச வருமான்னு இருந்துச்சு. நம்ம வீட்டுக்குள்ள இருக்கது வேற யாரோன்னு தோணிட்டு."

சென்னை ரயில் ஊதியது. வழியனுப்ப வந்தவர்கள் ஜன்னலைப் பிடித்துக்கொண்டே நடந்தார்கள். ரீபா பதறினாள்.

"ஏறலியா? ஏறுங்க!"

"ஏஜென்ட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றார் எபனேசர். "அது பொய். கள்ளனப் பிடிக்க எழுதுனது."

ரயில் முழுக்கப் போய் முடிகிற வரைக்கும் ரீபா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அருகில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். ரெக்சின் பை வாய் திறந்து கிடந்தது. இரண்டு சட்டை, அந்த ஸ்வெட்டர், அவருடைய வயிற்றுவலி மாத்திரை அட்டை, எலுமிச்சை ஊறுகாய் ஒரு பாட்டில்.

"அஞ்சு நாளாப் பாத்தேன். இன்னைக்குச் சொல்லுவிய, நாளைக்குச் சொல்லுவியன்னு. இன்னைக்குக் காலையில ரைஸ்மில்லுக்குப் போறேன்னு கிளம்புனிய பாருங்க, அப்பக்கூட வாசல் வரைக்கும் வந்து நின்னேன்."

"ரீபா…"

"நான் ஒண்ணு கேக்கட்டா? ரெண்டு வருசத்துக்கு நூத்தி மூணு லெட்டரு. எல்லாம் படிச்சிருக்கேன். அதுல எம் பேரு எத்தன தடவ வருது, தெரியுமா?"

எபனேசர் மனசுக்குள் கடிதங்களைப் புரட்டிப் பார்த்தார்.

"ரெண்டு தடவ. ஒண்ணு, கேஸ் சிலிண்டருக்குச் சொல்ல நான் மறந்துட்டேன்னு. இன்னொண்ணு, ரீபாட்ட எதையும் சொல்லாதே, அவ வாயில நிக்காதுன்னு." அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். "ரெண்டு வருசமா இவ்வளவும் என் வாய்க்குள்ளதான நின்னுச்சு?"

எபனேசர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். எந்தப் பூட்டையும் இழுத்துப் பார்க்கிற கை சும்மா மடியில் கிடந்தது. வெட்கமாக இருந்தது. இப்ராஹிம் முகம் சிவந்து நின்றது ஞாபகம் வந்து இன்னும் வெட்கமாக இருந்தது.

"நாளைக்கு முத வேல இப்ராஹிம் அண்ணன்ட்ட போயி மன்னிப்புக் கேக்கணும்" என்றாள் ரீபா. "நானும் வாறேன். என்னாலதான அவுகளுக்கு இந்தப் பேச்சு."

"சரி."

"சாலோமிய பக்கத்து வீட்ல விட்டுட்டு வந்தேன். நேரமாச்சு. சாப்பிட்டுட்டுக் கிளம்புவோம், இதத் தூக்கிட்டுத் திரும்பிப் போக வேண்டாம்."

தூக்குச்சட்டியைத் திறந்தாள். சப்பாத்தியும் உருளைக்கிழங்கும். ரயிலில் இரண்டு வேளைக்கு வரும்படி நிறையவே வைத்திருந்தாள். எபனேசர் பழக்கதோஷத்தில் முன்னும் பின்னும் பார்த்தார், யாராவது கேட்கிறார்களா என்று. ஒரு போர்ட்டர் தூங்கிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். பிறகு மெல்லத் தொடங்கினார். ஆகஸ்டில் பாக்கியசீலன் எழுதினான், அவன் கம்பெனியில் ஓர் இடம் இருக்கிறதாம், வருஷத்தைத் திருத்துகிற வேலையாம். இரண்டு இலக்கம் வைத்ததால் என்ன கோளாறு வரும் என்று விளக்கினார். தொட்டில் பிள்ளைக்கு மூட்டுவலி மாத்திரை கொடுப்பதையும் சொன்னார். வாய்விட்டுப் பேசிப் பழக்கமில்லை. நடுநடுவே நின்றார், சொன்னதையே திரும்பச் சொன்னார். கடிதத்தில் இருந்த அளவுக்கு நன்றாகவும் இல்லை.

ரீபா அத்தனையையும் ஏற்கெனவே படித்திருந்தாள். ஓரிடத்திலும் தெரியும் என்று சொல்லவில்லை. தொட்டில் பிள்ளை வந்தபோது புதிதாகக் கேட்கிறவள் போலச் சிரித்தாள்.

பேச்சு தீர்ந்துபோனது. எபனேசர் கையிலிருந்த சப்பாத்தியைச் சட்டியில் வைத்தார்.

"நான் போகட்டுமா, வேண்டாமா? நீ சொல்லு."

ரீபா சாப்பிடுவதை நிறுத்தினாள். நூற்று மூன்று கடிதத்திலும் இந்தக் கேள்வி இல்லை.

"யோசிச்சுச் சொல்லுதேன்" என்றாள், சட்டியின் மூடியைக் கையில் பிடித்தபடியே.